வேலையும் பகடையும்: ஒரு கேம் மாஸ்டரின் நாட்குறிப்பு

ஜனவரி 11, ஞாயிறு

நண்பர்கள் ஆளுக்கொரு கதைப் பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ஆட்டம் எங்களுடையது, கதையைச் சொல்லி நடத்தும் கேம் மாஸ்டர் நான். நான் எழுதி வைத்திருந்த எதுவும் இன்று நடக்கவில்லை, ஆனாலும் தொடர்கதையாக ஆடிவரும் இந்த கேம்பெயினில் இதுவரை ஆடியதிலேயே நல்ல செஷன் இதுதான். குகைக்குள் பெட்டகத்தைத் திறந்தார்கள், பத்தாயிரம் தங்க நாணயம் என்றேன். வழக்கமாக அந்த எண் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டில் ஏறும், கதை நகர்ந்துவிடும். இந்த முறை, கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டார்: "சரி, இதை யார் தூக்குவது?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். நாங்கள் ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் 50 நாணயம் ஒரு பவுண்டு. அப்படியென்றால் 200 பவுண்டு, ஏறத்தாழ 90 கிலோ. எங்கள் போர்வீரனின் வலிமை 16, அதை 15-ஆல் பெருக்கினால் 240 பவுண்டு வரை சுமக்கலாம், ஆனால் அவன் போட்டிருக்கும் சங்கிலிக் கவசமே 55 பவுண்டு. கவசத்தைக் கழற்றிவிட்டுத் தூக்கலாம், வழியில் யாராவது தாக்கினால் உயிர் போகும். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிக்கலாம், ஆனால் திருடன் பாத்திரத்தை யாரும் நம்பவில்லை. இரண்டு மணி நேரம் இதே பேச்சு. ஒரு அரக்கன்கூட வரவில்லை, ஒருவர்கூட செல்போனை எடுக்கவில்லை!

ஜனவரி 14, புதன்

கிடங்கு வேலையிலிருந்து வந்த அந்தக் கேள்வி இன்னும் மனதில் ஓடுகிறது. 1974-ல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸை டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து உருவாக்கிய கேரி கைகாக்ஸ், அதற்கு முன் காப்பீட்டுத் துறையில் அண்டர்ரைட்டராக இருந்தவர், அதாவது ஆபத்தை எடைபோட்டுப் பார்ப்பதே அவருடைய தொழில். 1977-ல் வந்த டிராவலர் என்ற இதே வகை ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஒரு பாத்திரத்தை உருவாக்குவதே அந்தப் பாத்திரத்தின் வேலை வாழ்க்கையை நான்கு நான்கு ஆண்டாகப் பகடை உருட்டி வாழ்ந்து பார்ப்பதுதான்: கடற்படையா, வணிகக் கப்பலா, எதைக் கற்றார், எப்போது விலகினார். பாத்திரத்துக்கு இவ்வளவு பார்க்கிறோம், எதிரில் உட்கார்ந்து பகடை உருட்டுபவர் பகல் முழுக்க என்ன செய்கிறார் என்று இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

டிராகன் தாக்கிய பாலத்தருகே மூன்று பேர் காயத்தோடு கிடக்கிறார்கள், குணப்படுத்தும் மந்திரம் ஒன்றுதான் மிச்சம். எல்லோரும் அலறுகிறவனிடம் ஓடினார்கள். அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கும் தோழி மட்டும் அசையவில்லை. "கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. சத்தமே இல்லாதவனை முதல்ல பாருங்க." மேசை அப்படியே அமைதியானது. அதை அவர் ஆட்டத்துக்காகச் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு கெட்டது. டிராகன் வாலால் அடிக்க, கல் பாலம் நடுவில் இரண்டாக உடைந்தது என்றேன். கட்டடப் பொறியாளராக இருக்கும் நண்பர், கல் வளைவு அப்படி உடையாது என்று இருபது நிமிடம் விளக்கினார். அவர் சொன்னது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மற்ற மூவருக்கும் அந்த இருபது நிமிடத்தில் செய்ய ஒன்றுமில்லை. செவிலியர் சொன்னதைக் கேட்டவுடன் யாரைக் காப்பாற்றுவது என்று எல்லோரும் முடிவெடுக்க வேண்டியிருந்தது, பொறியாளர் சொன்னதைக் கேட்டு நான் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

பொறியாளரைக் கூப்பிட்டேன். "ஒரு பாலத்தை விழவைக்க வேண்டும், எப்படி?" என்று கேட்டதும் குரலே மாறிவிட்டது. வளைவில் கற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டுதான் நிற்கின்றன, மேலே பாரம் ஏற்றினால் அவ்வளவு சீக்கிரம் விழாது, கரையில் அதைத் தாங்கும் சுவரை நகர்த்தினால் விழும் என்றார். எழுதிக்கொண்டேன். அடுத்த பாலத்தில் அந்தச் சுவரை ஆறு ஏற்கெனவே அரித்துவிட்டிருக்கும், அதைக் கவனிப்பதும் விடுவதும் அவர்கள் பாடு.

பிப்ரவரி 8, ஞாயிறு

என் வேலை கணக்குத் தணிக்கை. அதில் ஆட்டத்துக்கு எடுக்க ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தேன். இன்று கடத்தல்காரர் வீட்டில் ஒரு தானியப் பேரேடு கிடைத்தது, அதைக் காகிதத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதக் கணக்கு, ஒரே மை, ஒரே கையழுத்தம், ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. நாள்தோறும் எழுதிய பேரேடு அப்படி இருக்காது, ஒரே இரவில் உட்கார்ந்து எழுதியது. கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது, கண்டுபிடித்தது செவிலியர். "ராத்திரி ஷிப்டில் எழுதாம விட்டதை விடியக்காலையில மொத்தமா எழுதினா இப்படித்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு அது போதும். ஆனால் கிடங்கு நண்பர் தாளைத் திருப்பிக்கொடுக்கவே இல்லை, போன வாரம் நான் வரைந்து கொடுத்த கிடங்கின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தார். "இதில் எழுதியிருக்கிற மூட்டையெல்லாம் இந்த அறைக்குள் அடங்காது. கூரைவரை அடுக்கினாலும் பாதிதான்."

நான் அதை யோசித்து எழுதவில்லை. சரி, இல்லாத மூட்டைகளை விற்றது யார், வாங்கியது யார் என்று அடுத்த ஞாயிற்றுக்குள் நான் எழுதியாக வேண்டும்.