மாமாவின் டாட் காமுக்குப் பட்டா வாங்கிய கதை

2025 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கரூரிலிருந்து மாமா போன். “மாப்ளே, ரெண்டு நாளா ஒரு மெயிலும் வரலை. ஜெர்மனிக்காரன் சாம்பிளுக்கு ஓகே சொல்லணும், சத்தத்தையே காணோம். என்னன்னு கொஞ்சம் பாரு.”

மாமாவுக்குக் கரூரில் பெட்ஷீட், டேபிள் துணி, கிச்சன் டவல் ஏற்றுமதி செய்யும் சின்ன நிறுவனம். நான் சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறவன், கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் குடும்பத்தில் எந்நேரமும் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவன் நான்தான். அதனால் பிரின்டரில் மை தீர்ந்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். துணிப் படங்களுக்குப் பதில் வரிசையாக விளம்பரங்கள். மேலே சின்ன எழுத்தில், இந்த டொமைன் காலாவதியாகிவிட்டது என்று ஒரு வரி. டொமைன் என்பது டாட் காம் என்று முடியும் இணையப் பெயர். மெயில் முகவரியும் அதே டொமைனில்தான். வெப்சைட் போனால் மாமாவுக்குக் கவலையில்லை, அதை யாரும் பார்ப்பதில்லை. மெயில் போனால் தறி நிற்கும்.

டொமைன் யாரிடம் இருக்கிறது என்று, உலக அளவில் டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு குழப்பம். காலாவதித் தேதி 2026 என்றது ஒரு வரி, 2025 என்றது இன்னொரு வரி. ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போது ஏன் நின்றது என்று அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. டாட் காம் மொத்தத்துக்கும் பதிவேடு வைத்திருப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். கெடு முடிந்த அன்றே அது தன் ஏட்டில் தானாக ஒரு வருஷம் நீட்டிவிடும். ஆனால் நம்மிடம் காசு வாங்க வேண்டிய ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனை நமக்கு விற்கும் நிறுவனம், இன்னும் வாங்கவில்லை. அதிகபட்சம் 45 நாளைக்குள் கட்டாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் கைவிட்டுவிடுவார். அதற்குள்ளேயே ஏலம் விடும் ஆட்களும் உண்டு. கைவிட்டபின் 30 நாள் மீட்புக்காலம், அதில் மீட்க அபராதம் மாதிரி ஒரு தொகை. அதுவும் போனால் 5 நாளில் டொமைன் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பதிவு யார் பெயரில் என்று மாமாவைக் கேட்டேன். “நம்ம பேர்லதான் இருக்கும், நாமதானே காசு குடுக்கறோம்” என்றார். 2013இல் உள்ளூர்ப் பையன் ஒருவன் வெப்சைட் செய்து கொடுத்தானாம். வருஷா வருஷம் தீபாவளி கழிந்ததும் வந்து 1,500 ரூபாய் வாங்கிப் போவானாம். இப்போது மஸ்கட்டில் வேலை.

வாட்ஸப்பில் பிடித்தேன். நல்ல பையன், ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. “சாரிண்ணா, கார்டு மாத்துனேன், பழைய கார்டுல ஆட்டோ ரினியூவல் இருந்துச்சு. மெயில் எல்லாம் பழைய ஐடிக்குப் போயிருக்கு.” ஒரு பெரிய ரெஜிஸ்ட்ராரிடம், வாங்கி மறுவிற்பனை செய்யும் ரீசெல்லர் கணக்கு எடுத்து, அதற்குள் ஊரில் இருபது கடைகளின் டொமைனை வைத்திருந்தான். எல்லாமே அவன் கடைப் பெயரில். நிலத்துக்குக் காசு மாமாவுடையது, பட்டா அவன் பெயரில். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அந்தக் காலத்தில் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அன்று சாயங்காலமே மஸ்கட்டிலிருந்து பணம் கட்டினான். ராத்திரிக்குள் மெயில் வரத் தொடங்கியது. ஜெர்மனிக்காரர் மூன்று தடவை எழுதியிருந்தார், மூன்றாவதில் கொஞ்சம் காரம்.

அன்றே டொமைனை நம் கணக்குக்கு மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். நல்ல வேளை, படித்துவிட்டுத்தான் கை வைத்தேன். கெடு முடிந்தபின் புதுப்பித்த டொமைனை அந்த 45 நாளுக்குள் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றினால், இப்போது கட்டிய ஒரு வருஷம் ஏட்டிலிருந்து கழிந்துவிடும். மாற்றும்போது கட்டும் ஒரு வருஷம் மட்டும்தான் மிஞ்சும். அதோடு, டொமைன் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரை மாற்றினால் பொதுவாக 60 நாளைக்கு டிரான்ஸ்ஃபர் பூட்டு விழும். அந்தப் பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வழி தரும் ரெஜிஸ்ட்ரார்கள் உண்டு. பையனின் பேனலில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

சரி, முதலில் பெயரை மாற்றுவோம், 60 நாள் ஓடட்டும், 45ம் அதற்குள் அடங்கிவிடும் என்று முடிவு செய்தேன். பையன் மாமாவின் நிறுவனப் பெயரைப் போட்டான். மெயில் முகவரிக்கு மாமா தன் கம்பெனி மெயிலையே கொடுக்கச் சொன்னார். விடவில்லை. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் எங்கே வரும்? வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை. தனியாக ஒரு ஜிமெயில் திறந்தோம். அதற்கு ஒரு சரிபார்ப்பு மெயில் வந்தது. 15 நாளைக்குள் அந்த லிங்க்கை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்திவைப்பார்கள். மாமா அதை ஏதோ ஏமாற்று மெயில் என்று அழித்துவிட்டார். குப்பையில் தேடி எடுத்து அழுத்த வைத்தேன். இந்தக் காலத்தில் அவர் சந்தேகப்பட்டதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

ஆக, எந்த ரெஜிஸ்ட்ரார் என்று யோசிக்க எனக்கு 60 நாள் கிடைத்தது.

கணக்குக்காரன் புத்தி, முதலில் விலைக்குத்தான் போனது. ஒரு நோட்டில் கோடு போட்டு ஏழு ரெஜிஸ்ட்ரார்களின் விலையை எழுதினேன். முதல் வருஷம் 199, 499 என்று கண்ணைப் பறித்தது. அடுத்த பத்தியில் புதுப்பிக்கும் விலையை எழுதியதும் வரிசையே தலைகீழானது. 199 காரரிடம் இரண்டாம் வருஷம் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். வெரிசைன் அப்போது எந்த ரெஜிஸ்ட்ராரிடமும் டாட் காமுக்கு வருஷம் 10.26 டாலர் வாங்கியது, 2024 செப்டம்பரில் வந்த விலை அது. ஐகேனுக்கு அப்போது 18 சென்ட், 2025 ஜூலையிலிருந்து 20. கூட்டினால் அன்றைய டாலர் விலைக்குச் சுமார் 900 ரூபாய். இதற்குக் கீழே விற்கிறவர் கைநஷ்டத்தில் விற்கிறார், அதைப் பின்னால் நம்மிடம்தான் பிடிப்பார். 900ஐ நோட்டின் உச்சியில் எழுதி வட்டம் போட்டேன். அப்புறம் எந்தத் தள்ளுபடியும் என்னை அசைக்கவில்லை.

அடக்க விலைக்கே விற்கும் ஆளும் உண்டு. கிளவுட்ஃபிளேர் அப்படித்தான், மேலே லாபம் வைப்பதில்லை. ஆனால் டொமைனைத் தேடி வருகிறவருக்கு வழி காட்டும் நேம்சர்வர் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. வேறு இரண்டு காரணங்களால்தான் வெளிநாட்டு நிறுவனங்களை ஓரமாக வைத்தேன்.

ஒன்று, கார்டு. 2021 அக்டோபரில், கார்டிலிருந்து தானாகத் தொடர்ந்து காசு எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தபோது, பல வெளிநாட்டு நிறுவனங்களின் ஆட்டோ ரினியூவல் நம் கார்டுகளில் வரிசையாகத் தோற்றது. இன்றும் எந்தக் கார்டு எங்கே ஒத்துழைக்கும் என்பது ஜாதகம் பார்க்கிற மாதிரி. கார்டு தோற்றுத்தானே இந்தக் கதையே ஆரம்பித்தது! யுபிஐயில் கட்ட முடிந்தால் மாமாவே கட்டுவார், நான் நடுவில் வேண்டாம்.

இரண்டாவது, ஜிஎஸ்டி. இதை யாரும் சொல்வதில்லை, என் தொழில் என்பதால் உறுத்தியது. ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் வெளிநாட்டிலிருந்து சேவை வாங்கினால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதத்தைத் தானே ரொக்கமாகக் கட்டிவிட்டுப் பிறகு கிரெடிட் எடுக்க வேண்டும். 900 ரூபாய்க்கு 162 ரூபாய். தொகை ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாத ரிட்டர்னில் அதற்கென்று ஒரு பதிவு, மறந்தால் ஆடிட்டில் ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் போவது யார்? நான். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு ரூபாயில் பில் தருகிறவர்தான் வேண்டும் என்று முடிவானது.

ஏழில் மூன்று மிஞ்சின. மூவருக்கும் ஒரே கேள்வியை எழுதிக் கேட்டேன்: “நாளைக்கு உங்களை விட்டுப் போக நினைத்தால், ஆத் கோட் எங்கே கிடைக்கும்?” ஆத் கோட் என்பது டொமைனை இடம் மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு. ஒருவர் பதிலே தரவில்லை. இன்னொருவர், “ஏன் சார் போகணும், 20 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்” என்றார். மூன்றாமவர் இரண்டு வரியில், எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று படத்தோடு அனுப்பினார். அவருடைய விலை மூவரில் நடு. அவரையே எடுத்தோம். பெயரைச் சொல்லவில்லை, இன்று நன்றாக இருக்கும் கடை நாளை கைமாறும். கூகுளே 2023இல் தன் டொமைன் வியாபாரத்தை ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டு நகர்ந்தது. பெயரைவிட அந்தக் கேள்விதான் உங்களுக்கு உதவும்.

நடுவில் ஒரு கிளைக்கதை. அந்தப் புதுக் கணக்கில் முதலில் டாட் இன் பெயரையும் எடுத்து வைத்தோம், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று. டாட் இன்னை நிர்வகிக்கும் நிக்ஸி, பதிவு விவரத்தை மறைக்கும் சேவையை அனுமதிப்பதில்லை. மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு மாமாவுக்கு முதல் போன்: “சார், புது டொமைன் எடுத்திருக்கீங்க, வெப்சைட் பண்ணித் தரட்டுமா?” மதியத்துக்குள் பதினோரு பேர். “மாப்ளே, பொண்ணுக்கு வரன் பார்க்கறப்பகூட இத்தனை போன் வரலை” என்றார். டாட் காமில் அந்த மறைப்பு இலவசமாகவே இருந்தது, போட்டுவிட்டேன். தமிழிலேயே டாட் இந்தியா பெயர் கிடைக்கும் என்றதும் மாமா முகம் மலர்ந்தது. ஆனால் ஜெர்மனிக்காரர் அதை எப்படித் தட்டுவார் என்று கேட்டதும் விட்டுவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் பூட்டு திறந்தது. மாற்றுவதற்கு முன் பழைய இடத்தில் இருந்த டிஎன்எஸ் பதிவுகளையெல்லாம் எக்செல்லில் எழுதி எடுத்தேன். வெப்சைட் எங்கே, மெயில் எங்கே போக வேண்டும் என்ற வழிகாட்டிகள் அவை. டொமைன் கைமாறினால் பழைய ரெஜிஸ்ட்ராரின் இலவச நேம்சர்வர் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். அதனால் முதலில் எல்லாவற்றையும் புது இடத்தில் நட்டு, நேம்சர்வரை மாற்றி, இரண்டு நாள் மெயில் போக்குவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிரான்ஸ்ஃபரைத் தொட்டேன்.

மஸ்கட் பையன் ஆத் கோடை வாட்ஸப்பில் அனுப்பினான். போனைப் பார்த்து லேப்டாப்பில் தட்டினேன். தவறு என்றது. பூஜ்யமா, ஓ எழுத்தா என்று மாற்றி மாற்றிப் போட்டேன். மறுபடி தவறு. கோடு மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது, பையன் அக்கறையாக அழுத்தம் கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். ராத்திரி பதினொன்றரைக்குத்தான் பொறி தட்டியது. கோடின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நட்சத்திரக் குறி. வாட்ஸப் அந்த இரண்டையும் விழுங்கி, நடுவில் இருந்ததைத் தடிக்க வைத்திருக்கிறது. குறிகளைச் சேர்த்துப் போட்டதும் ஏற்றுக்கொண்டது.

பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து, நீங்கள்தான் மாற்றச் சொன்னீர்களா என்று ஜிமெயிலுக்கு ஒரு கடிதம். சம்மதம் என்று அழுத்தினால் உடனே நடக்கும். ஒன்றும் செய்யாவிட்டாலும், யாரும் தடுக்காத வரை ஐந்து நாளில் தானாக நடந்துவிடும். அழுத்தினோம், மறுநாள் காலை டொமைன் நம் கணக்கில் இருந்தது. டிரான்ஸ்ஃபருக்குக் கட்டிய காசில் ஒரு வருஷமும் கூடியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஜெர்மனியிலிருந்து ஒரு வரி: உங்கள் மெயில்கள் ஸ்பேமில் விழுகின்றன. என் எக்செல் தப்பு. மெயிலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிகேஐஎம் என்ற பதிவு நானூறு எழுத்துக்குமேல் நீளம். நகல் எடுக்கும்போது கடைசிப் பகுதி விட்டுப்போயிருந்தது. நான் சோதித்த இரண்டு நாளும் சென்னைக்கும் கரூருக்கும் இடையில்தான் மெயில் ஓடியது, அங்கே எதுவும் ஸ்பேமுக்குப் போகவில்லை. மெயில் கம்பெனியின் பக்கத்திலிருந்து முழுசாக மறுபடி எடுத்து ஒட்டினேன், மறுநாளே சரியானது.

லாகினுக்கு இரண்டாம் பூட்டு போட்டோம், எஸ்எம்எஸ் இல்லாமல் ஆப் வழியாக. போன் தொலைந்தால் திறப்பதற்குப் பத்து எண்கள் தருவார்கள். அவற்றை அச்செடுத்து மாமா பீரோவில், மில் இடத்தின் பத்திரம் இருக்கும் கவருக்குள்ளேயே வைத்தார். “ஒரே தடவையா பத்து வருஷத்துக்குக் கட்டிடு மாப்ளே, நிம்மதி” என்றார். டாட் காமுக்கு உச்சவரம்பு பத்து வருஷம்தான், கட்டலாம். ஆனால் பத்து வருஷம் அந்தக் கணக்கை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், அதுதான் எனக்குப் பயம். மூன்று வருஷம் மட்டும் கூடக் கட்டினேன். மஸ்கட் பையன் மற்ற பத்தொன்பது கடைக்காரர்களின் பட்டியலை அனுப்பி, “ண்ணா, இவங்களுக்கும் மாத்திக் குடுத்துடறீங்களா?” என்று கேட்டிருக்கிறான். அதில் நாலு பேர் மாமாவுக்குத் தெரிந்தவர்கள். போன வாரம் முதல் ஆளின் பெயர் மாற்றத்தை ஆரம்பித்திருக்கிறேன். இந்த முறை ஆத் கோடை மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.