தரை எங்கே இருக்கிறது?

விமானியின் கை படாமல் ஒரு விமானம் முழுவதும் தானாகவே தரையிறங்கியது 1937 ஆகஸ்ட் 23 அன்று, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில். 1965 ஜூனில் லண்டன் ஹீத்ரோவில் டிரைடன்ட் விமானம் பயணிகளை வைத்துக்கொண்டே தானியங்கி முறையில் தரையைத் தொட்டது. இயந்திரத்தால் இது முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. இருந்தும், சில கிலோ எடையுள்ள ஆளில்லா விமானத்தைக் குறுகிய ஓடுபாதையில் தானாக இறக்க முயலும் குழுக்கள் இன்றும் சக்கரக் கால்களை முறித்துக்கொண்டுதான் இருக்கின்றன. கட்டுப்பாட்டுச் சமன்பாடுகளுக்குச் செலவாகும் நேரத்தில் பாதியையாவது, தரை எங்கே இருக்கிறது என்று விமானத்துக்குச் சரியாகச் சொல்வதற்குச் செலவிட வேண்டும் என்பது இத்துறையில் வேலை செய்யும் என் கருத்து.

மேலெழுதலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஓடத் தொடங்கும்போது, விமானத்தை இடவலமாகத் திருப்பும் வால் பலகையான ரட்டரில் பிடிப்பு இருக்காது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், பாதி வேகத்தில் கால் பங்கு விசைதான் கிடைக்கும். வேகம் கூடும்வரை முன்சக்கரம்தான் விமானத்தை நேராக வைத்திருக்க வேண்டும். வேகம் ஏற ஏறச் சக்கரத்தின் பங்கைக் குறைத்து ரட்டரின் பங்கைக் கூட்டிக்கொண்டே போகாவிட்டால், விமானம் பாம்புபோல் நெளிந்து ஓடும். மின்மோட்டாரின் மின்னோட்டமும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளும் திசைகாட்டியைக் குழப்பிவிடும் என்பதால், ஓட்டம் தொடங்கிய பிறகு ஜி.பி.எஸ். தரும் நகர்வுத் திசையை நம்புவதே மேல்.

இறங்குவதுதான் உண்மையான வேலை. 3 பாகை சரிவில் இறங்கும் விமானத்துக்கு உயரக் கணிப்பில் 1 மீட்டர் பிழை இருந்தால், தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 19 மீட்டர் தள்ளிப்போகும். காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் காற்றழுத்தமானியை மட்டும் நம்பினால் நிலைமை இன்னும் மோசம். கடல்மட்டத்துக்கு அருகில் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாற்றம் என்பது 8 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்துக்குச் சமம். அதாவது ஓடுபாதையில் 150 மீட்டருக்கு மேல். இரண்டு மணி நேரம் பறந்துவிட்டுத் திரும்புவதற்குள் வளிமண்டல அழுத்தம் அந்த அளவு மாறிவிடுவது சாதாரணம். போதாக்குறைக்கு, விமான உடலுக்குள் இருக்கும் அழுத்தமே பறக்கும் வேகத்தைப் பொறுத்து மாறும். ஆகவே வேகம் குறையும் அந்தக் கடைசி நொடிகளில் கருவியும் தன் கணக்கை மாற்றிச் சொல்லும்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேயே இருப்பதால், அதன் கிடைமட்டத் துல்லியத்தைவிடச் செங்குத்துத் துல்லியம் எப்போதும் குறைவு. தரையில் ஒரு நிலையம் வைத்துத் திருத்தம் அனுப்பும் ஆர்.டி.கே. முறையில் சில சென்டிமீட்டருக்குள் வந்துவிடலாம், அந்த ரேடியோ இணைப்பு அறுந்துபோகாத வரை. கீழ்நோக்கிய லேசர் உயரமானி நேரடியாக அளப்பதால் பலரும் அதையே விரும்புகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் அது அளப்பது அந்தக் கணத்தில் விமானத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறதோ அதை. ஓடுபாதை தொடங்கும் முன் ஒரு பள்ளம் இருந்தால், விமானம் தான் உயரத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு மூக்கைத் தாழ்த்தும். உயர்ந்த புல் இருந்தால் முன்கூட்டியே மூக்கைத் தூக்கிவிடும். எனவே ஒரே கருவியிடம் பொறுப்பை ஒப்படைக்காமல், ஓடுபாதையின் அளந்த உயரத்தோடு லேசரை ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே ஏற்கும்படி மென்பொருளை எழுத வேண்டும்.

உயரம் சரியாகத் தெரிந்துவிட்டால், தரைக்கு அருகே மூக்கை உயர்த்தி இறங்கு வேகத்தைக் குறைக்கும் ஃபிளேர் கட்டம் ஓரளவு எளிதாகிறது. இறங்கு வேகம் மீதமிருக்கும் உயரத்துக்கு விகிதமாகக் குறைய வேண்டும் என்பது பழைய விதி. அதை அப்படியே கடைப்பிடித்தால், கணக்குப்படி விமானம் தரையைத் தொடவே தொடாது; ஆகையால் நொடிக்கு 20 அல்லது 30 சென்டிமீட்டர் என்று ஒரு சிறு மாறா வேகத்தைக் கூட்டிக்கொள்வது வழக்கம். கடைசிக் கணத்தில், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரை இழுத்துத் தவறைச் சரிசெய்யலாம் என்று நம்புவதும் வீண். இழுத்தவுடன் வால் கீழே அழுத்தப்படுவதால், விமானம் எழுவதற்கு முன் கொஞ்சம் தாழ்ந்துவிட்டுத்தான் எழும்.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது, இறங்க மறுக்கும் அறிவை. 2013 ஜூலை 10 அன்று அமெரிக்கக் கடற்படையின் எக்ஸ்-47பி ஆளில்லா விமானம் விமானந்தாங்கிக் கப்பலில் இருமுறை வெற்றிகரமாக இறங்கியது. அடுத்த முயற்சியில் தன் வழிசெலுத்தும் கணினிகளில் ஒன்றில் கோளாறு இருப்பதைத் தானே கண்டறிந்து, கப்பலை விட்டு விலகிக் கரையிலிருந்த வாலப்ஸ் தீவு ஓடுபாதையில் போய் இறங்கியது. செய்திகளில் பெரிதாக வந்தது முதல் இறக்கம்தான். ஒரு பொறியாளராக எனக்கு அந்த விலகலே பெரிய சாதனையாகத் தெரிகிறது. சரிவிலிருந்து எத்தனை மீட்டர் பிறழலாம், இரண்டு உயரக் கணிப்புகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு பொறுக்கலாம், எந்த உயரத்துக்குக் கீழே இறங்குவதைக் கைவிட்டு மறு சுற்றுக்குப் போக முயலக் கூடாது என்பனவற்றை மேசையில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும்.

சோதனைக்கு ஒரு நல்ல வழி, ஓடுபாதை உண்மையில் இருப்பதைவிட 30 மீட்டர் மேலே இருப்பதாக மென்பொருளுக்குச் சொல்லி, முழுத் தரையிறக்கத்தையும் ஆகாயத்திலேயே நடத்திப் பார்ப்பது. லேசரின் அளவிலும் அதே 30 மீட்டரைக் கழித்துவிட வேண்டும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலை வராதபடி வேகத்துக்கு ஒரு கீழ்வரம்பும் வைக்க வேண்டும். சரிவைப் பிடிக்கும் விதம், ஃபிளேர் தொடங்கும் நேரம், மோட்டாரின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் அடங்கும் வேகம் எல்லாம் பதிவில் தெளிவாகக் கிடைக்கும். இறக்கைகளின் முனைக்கு முனை நீளத்துக்கும் குறைவான உயரத்தில் தரையின் விளைவால் இழுவை குறைந்து விமானம் மிதந்துகொண்டே போவதை மட்டும் அங்கே காண முடியாது. அதற்கு உண்மையான ஓடுபாதைக்கே இறங்கியாக வேண்டும்.