சீக்கிரம் கிளம்பியதால் வந்த வினை

விடியற்காலை ஐந்தரைக்கே எங்கள் பாய்மரப் படகின் நங்கூரத்தைத் தூக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் இவர் வந்து சொல்லிவிடுவார்.

அடுத்த தீவு 28 கடல் மைல். (ஒரு கடல் மைல் 1852 மீட்டர், தரை மைலைவிட நீளம்.) மணிக்கு நாலு மைல் போவோம் என்று வைத்துக்கொண்டு, பன்னிரண்டரைக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டேன். "பின்காத்து இப்படி அடிக்குது, ஆறுகூடப் போகும்மா. எட்டு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்" என்றார் இவர். "ஏங்க, காத்து நடுவுல விழுந்துடுச்சுன்னா? சாயங்காலம் பாறைக்கு நடுவுல போய் நிக்கவா?" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. இருபது வருஷத் தாம்பத்தியம்.

காற்று விழவில்லை. பதினெட்டு நாட் (மணிக்குப் பதினெட்டு கடல் மைல்) வேகத்தில், கிழக்கிலிருந்து, யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்ததுபோல ஒரே சீராக அடித்தது. முன்பாயை மட்டும் விரித்துக்கொண்டு ஓடினோம். பின்காற்றில் படகு இடமும் வலமும் ஆடிக்கொண்டே போகும். சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். ஒரு நொடி கீழே வைத்தாலும் அது வேறு ஊருக்குப் போய்விடும். இரவு பறந்து வந்து தளத்தில் விழுந்திருந்த பறவைமீன் இரண்டைக் கடலில் எறிந்தேன். செதில்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபின் நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

தாழ்ந்த தீவு என்றால் தூரத்திலிருந்து தீவே தெரியாது. பத்து மைலுக்குள் வந்தபிறகுதான் தென்னந்தலைகள் நீருக்குமேல் ரோமம்போல எட்டிப்பார்க்கும். அதற்கு முன்னாலேயே மேகம் காட்டிக்கொடுத்துவிடும். தீவுக்குள் இருக்கும் ஆழமில்லாத நீரின் பச்சை, மேலே நிற்கும் மேகத்தின் அடிவயிற்றில் லேசாகப் படிந்திருக்கும். "அதோ, பச்சை மேகம்" என்று நான் காட்டியபோது மணி எட்டரைகூட ஆகவில்லை. அப்போதே வயிற்றில் புளி கரைத்தது. இவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாய்க்கயிற்றைச் சரிசெய்யப் போய்விட்டார்.

தீவைச் சுற்றி வளையமாகப் பவளப்பாறை. உள்ளே போக ஒரே ஒரு வாய், அது மேற்குப் பக்கம். அதாவது நுழையும்போது நாம் கிழக்கு நோக்கிப் போவோம். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால், அல்லது உச்சியில் இருந்தால், நீருக்குள் இருப்பதெல்லாம் வண்ணம் வண்ணமாகத் தெரியும். முகத்துக்கு நேரே இருந்தால் கடல் முழுக்க வெள்ளித்தகடு. பாறை ஒரு முழம் கீழே இருந்தாலும் தெரியாது. நாங்கள் வாய்க்கு வெளியே போய் நின்றது பத்து இருபதுக்கு. சூரியன் நேர் எதிரே.

ஜிபிஎஸ் இருக்கிறதே, திரையைப் பார்த்து நுழையலாமே என்று கேட்பீர்கள். ஜிபிஎஸ் பொய் சொல்லாது. அதற்கு அடியில் இருக்கும் வரைபடம்தான் சில இடங்களில் செயற்கைக்கோள் காலத்துக்கு முந்தைய அளவீட்டில் போட்டது. ஒருமுறை அழகாக ஐந்து மீட்டர் நீரில் மிதந்துகொண்டிருந்தோம், திரையோ எங்களைத் தென்னந்தோப்புக்குள் நிறுத்தியிருந்தது. ஆழமானியும் அப்படித்தான், கீழே என்ன இருக்கிறது என்று சொல்லும், எதிரே என்ன வருகிறது என்று சொல்லாது.

ஆக, காத்திருந்தோம். முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்டி, பெரிய பாயைக் கொஞ்சம் விரித்து, சுக்கானைத் திருப்பிக் கட்டிவிட்டால் படகு ஓடவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அடங்கி நிற்கும். ஒரேயடியாக நிற்காது, மணிக்கு ஒரு மைல்போல மேற்கே நழுவும். நழுவியதும் மறுபடி என்ஜினைப் போட்டுத் திரும்பி வர வேண்டும். இரண்டு தடவை வந்தோம். இந்த நேரத்தில் இவர் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் கதையைத் தொடங்கினார்: 1770 ஜூன் 11 இரவு, நிலா வெளிச்சத்தை நம்பிப் போன அவருடைய எண்டெவர் கப்பல் பவளப்பாறையில் ஏறியது, பாரம் குறைக்க ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள், 1969இல்தான் அவற்றை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு பாறை வாயிலும் எனக்கு இந்தக் கதை உண்டு. அன்றைக்கு மட்டும் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டேன்.

ஒரு மணிக்குக் கடல் நிறம் பிரிந்துவிட்டது. இவர் நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாய்மரத்தில் பாதி ஏறினார். சுக்கான் என்னிடம். உள்ளே நிரம்பிய நீர் வாய் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. என்ஜினில் நாலு நாட் போனாலும் கரையைப் பார்த்தால் இரண்டுதான் நகர்கிறோம். கருநீலம் ஆழம், போகலாம். இளம்பச்சை மணல், நாலைந்து மீட்டர், போகலாம். வெளுப்பு மணல்திட்டு, வேண்டாம். பழுப்பு என்றால் பவளம், கிட்டேயே போகக்கூடாது. கருப்பாக ஒரு திட்டு நேரே வந்தது. என் கை தானாக த்ராட்டிலைக் குறைத்தது. மேலே இவர் கை அசையவில்லை. மறுபடி பார்த்தேன், அந்தக் கருப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. மேகத்தின் நிழல்! பாறை நகராது.

காற்றில் கத்தினால் "இடது" என்பதும் "விடு" என்பதும் ஒன்றாகவே கேட்கும். அதனால் எங்களுக்குள் கை ஜாடைதான்: நீட்டிய கை அந்தப் பக்கம் திருப்பு, உயர்த்திய உள்ளங்கை நிறுத்து. இந்த ஏற்பாட்டுக்கு வருமுன் நாங்கள் போட்ட சண்டைகளைக் கேட்டுப் பக்கத்துப் படகுக்காரர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

உள்ளே ஐந்து மீட்டர் ஆழத்தில் சுத்தமான மணல் பார்த்து நங்கூரம் போட்டோம். படகின் முன்பக்க உயரம் ஒரு மீட்டர், ஆக ஆறு. அதைப்போல ஐந்து மடங்கு, முப்பது மீட்டர் சங்கிலி. மெதுவாகப் பின்னால் இழுத்துப் பார்த்தோம். நான் குனிந்து சங்கிலியில் உள்ளங்கையை வைத்தேன். நங்கூரம் இழுபட்டால் அது கரகரவென்று கைக்கு வந்துவிடும். முதலில் ஒரு நடுக்கம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் கல்லாக நின்றது. இருந்தாலும் இவர் நீச்சல் முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்து, நங்கூரத்தின் தலை மணலில் புதைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

காத்திருந்த நேரத்தைப் பற்றி அன்று முழுக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர். சாயங்காலம் பயணக் குறிப்பு எழுதும் லாக் புத்தகத்தைத் திறந்தேன். அவர் கையெழுத்தில்: "கிளம்பியது 5.30. வாய்க்கு வெளியே 10.20. உள்ளே நுழைந்தது 1.05." அவ்வளவுதான். கீழே மட்டும் இரண்டு கோடு போட்டு, எட்டு மணி என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம்.