கத்திரி வெயிலில் கோட்டு சூட்டு

முதலில் காசு விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ஒரு கிளட்ச் கேபிளுக்கு 650 ரூபாய்! கடையில் வாங்கினால் இருநூறு சொச்சம் ஆகும். அச்சிறுபாக்கத்துக்குச் சற்று முன்னால், சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி, அக்னி நட்சத்திரம். பட்டென்று அறுந்தது. 170 கிலோவுக்கு மேல் கனக்கும் புல்லட்டைத் தார் உருகும் ரோட்டில் அரை மணி நேரம் தள்ளிக்கொண்டு போனேன். அந்த ஒர்க் ஷாப் அண்ணன் என் முகத்தைப் பார்த்த உடனேயே விலையைத் தீர்மானித்துவிட்டார். "பழைய மாடலு சார், கேபிள் கெடைக்கவே கெடைக்காது" என்றார். சொல்லிவிட்டுப் பின்னால் ஆணியில் தொங்கிய நாலைந்தில் ஒன்றை உருவினார். பேரம் பேசத் தெம்பில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கேட்டேன். அதை மட்டும் இலவசமாகக் கொடுத்தார்.

சரி, எதற்காக இந்த வேகாத வெயிலில் திருச்சியிலிருந்து 330 கிலோமீட்டர் வண்டி ஓட்டினேன்? கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையைச் சுற்றி வரத்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், என் பெண்டாட்டி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

'டிஸ்டிங்குயிஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு' என்று பெயர். 2012இல் சிட்னியில் மார்க் ஹாவா என்பவர் ஆரம்பித்தது. ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கோட்டு சூட்டோடு பழைய பைக்கில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாம். பைக் ஓட்டுகிறவன் என்றாலே ரவுடி என்கிற பார்வையை மாற்ற வேண்டும் என்பது நோக்கம். முதல் வருஷமே 64 நகரங்களில் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு அதில் நிதி திரட்டுவதும் சேர்ந்துகொண்டது. அந்தப் பணம் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஆண்களின் மனநலத்துக்கும் போகிறது. கூட்டாளி, நவம்பரில் மீசை வளர்த்து நிதி சேர்க்கிற மூவெம்பர் அமைப்பு. (நம்மூரில் மீசைக்குத் தனியாக மாதம் ஒதுக்கத் தேவையில்லை என்பது வேறு.)

உலகம் முழுக்க ஒரே ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மே மாதம். லண்டன்காரனுக்கு அது இளவெயில், நமக்குக் கத்திரி. இந்தத் தேதியில் தமிழ்நாட்டில் கோட்டு போடுகிறவன் ஒன்று மாப்பிள்ளை, இல்லையென்றால் வக்கீல்.

என்னிடம் கோட்டு கிடையாது. தில்லைநகரில் ஒரு வாடகைக் கடையில் எடுத்தேன். ரெண்டு நாளுக்கு 1200, அட்வான்ஸ் தனி. தோள்பட்டை எனக்கு ரெண்டு இன்ச் பெரிசு. போன முகூர்த்தத்து மாப்பிள்ளையின் சந்தன வாசனை அக்குளில் இன்னும் இருந்தது.

வண்டி அப்பாவுடையது. 1994 மாடல், காஸ்ட் அயர்ன் எஞ்சின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவன் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துச் சாவான். கிக்கரை அடிப்பதற்கு முன் ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும், எஞ்சினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிற டீகம்ப்ரஸரை இழுத்துப் பிடிக்க வேண்டும், அப்புறம் சாமி கும்பிட வேண்டும். ராயல் என்ஃபீல்டு 1955இல் மெட்ராஸ் கம்பெனியோடு சேர்ந்து இங்கே காலூன்றிய பிறகு, திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த வம்சம் இது. அதனால் சென்னைப் பயணம் அதற்குத் தாய் வீட்டுக்குப் போவது மாதிரி. அப்படியும் காலை எட்டு மணி வரைக்கும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து பாத்ரூம் போவார். விளக்கைப் போட மாட்டார், யாரும் முழித்துவிடக் கூடாதாம். கேட்டால் "வயசானா அப்படித்தான்". அப்படி எழுந்திருப்பவர்களுக்கெல்லாம் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அந்தப் புரோஸ்டேட்டில் வயதில் வருகிற சாதாரண வீக்கமாகத்தான் இருக்கும். ஆனால் இதுவா அதுவா என்று பார்ப்பதற்காவது டாக்டரிடம் போகணுமே. முதுகு வலி தாங்க முடியாமல் போனபோதுதான் அப்பா போனார். பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், பிறகு ஸ்கேன். புரோஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரைக்கும் போயிருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னைத் திட்டுகிறார். "ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "இதையெல்லாமா சொல்லிட்டிருப்பாங்க" என்று பேப்பரைப் புரட்டினார்.

நிதி கேட்பது வண்டி தள்ளுவதைவிடக் கஷ்டம். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால் "எதுக்குப்பா இது?" என்று வருகிறது. "ஆம்பளைங்களுக்கு வர்ற கேன்சருக்கு" என்று சொன்னதும் ஆண்கள் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். கொடுத்ததில் முக்கால்வாசி அத்தைமார்களும் சித்திமார்களும்தான். சித்தப்பா 101 ரூபாய் அனுப்பிவிட்டுப் போன் பண்ணினார்: "கோட்டு, பெட்ரோல், லாட்ஜுன்னு செலவு பண்றதுக்கு அந்தக் காசை நேரா ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடலாம்ல?" நியாயமான கேள்வி. நான் திரட்டியது 11,400. என் கைக்காசில் பெட்ரோல் போக வர 2000, கோட்டு 1200, லாட்ஜ் 1100, அந்தப் பாழாய்ப்போன கேபிள் 650. ஐயாயிரத்துக்குப் பக்கத்தில். டோல்கேட்டில் டூவீலருக்குக் காசில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். சித்தப்பாவுக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

லாட்ஜைப் பற்றி ஒரே வரி: ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு வண்டிகள் சேர ஆரம்பித்தன. ஜாவா, யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100, வழவழவென்று டிரையம்ஃப், வரிசையாகப் புல்லட்டுகள். ஒருத்தர் வேட்டி சட்டைக்கு மேல் கோட்டு, கழுத்தில் போ டை, கையில் குடை. அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் எழுந்து வந்தது போல இருந்தார். அன்றைய முதல் பரிசு என்னைப் பொறுத்தவரை அவருக்குத்தான். ஓட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, மாட்டு வண்டி வேகம்தான். சிக்னலுக்குச் சிக்னல் ஜனம் போனை எடுத்தது. ஒரு சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்: "இன்னா சார், கல்யாண ஊர்கோலமா? மாப்ள எங்க?" விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "நைட்ல அடிக்கடி எழுந்துக்குறது... அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதா சார்?" என்றார். டாக்டரைப் பாருங்கண்ணா, ஒரு ரத்த டெஸ்ட்தான் என்றேன். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் அனுப்பியிருந்தால் அந்த மனுஷன் இதை யாரிடம் கேட்டிருப்பார், சித்தப்பா?

ஒன்பதரைக்கே கோட்டுக்குள் இட்லி வேகிற நிலை. அப்போதுதான் மரத்தடியில் அந்தத் தள்ளுவண்டி. கேழ்வரகுக் கூழ், மண்பானையில் ஜில்லென்று. மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, ஒரு சொம்பு முப்பது ரூபாய். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய், கருவாட்டுத் தொக்கு. அக்கா முதல் சொம்பு கொடுக்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார். ரெண்டாவது சொம்புக்குக் கருவாடு தானாக அதிகம் வந்தது. பத்து நிமிஷத்தில் பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். டை கட்டிய பதினைந்து பேர் வரிசையில் நின்று கூழ் குடித்தோம். நட்சத்திர ஹோட்டல் பஃபேக்கு இரண்டாயிரம் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு தடவை மே மாதம் இந்தச் சொம்பைப் பிடித்துப் பாருங்கள். எந்த இடம் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், கூழ் மயக்கத்தில் தெருப் பெயரைப் பார்க்காமல் வந்துவிட்டேன். மன்னிக்கவும்.

கிளம்ப நினைக்கிறவர்களுக்கு: பதிவு செய்யக் காசு இல்லை, பழைய பாணி வண்டி வேண்டும், லினன் கோட்டு கிடைத்தால் விடாதீர்கள். வேறென்னவோ சொல்ல நினைத்தேன், மறந்துவிட்டது.

திங்கட்கிழமை விடிவதற்குள் வீடு. அப்பா திண்ணையில் இருந்தார். போட்டோவைக் காட்டினேன். "யாருடா இது, பேண்டு செட்டுக்காரனா?" என்றார். பிறகு எழுந்து போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். புதுக் கேபிள் கண்ணில் பட்டுவிட்டது. விலையைச் சொன்னேன். அடிக்காத குறை.

"சைடு பாக்ஸுல ஸ்பேர் கேபிள் வெச்சிருக்கேனேடா!"

"நீங்க சொல்லலையேப்பா."

"நீ கேக்கலையே."