கிட்டங்கியில் நிஷின்

பிப்ரவரி 8, வியாழன்

சனிக்கிழமை ராத்திரிக்கு ஒதாருவில் சாப்பிட இடம் கிடைத்துவிட்டது. ஜப்பானின் வடக்கே ஹொக்கைதோத் தீவில் இருக்கும் துறைமுக ஊர் அது. கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கல் கிட்டங்கி ஒன்றைச் சுஷிக் கடையாக மாற்றியிருக்கிறார்கள். சின்ன இடம், விலை கூடுதல். ஆனால் இந்த மாதம் நிஷின் உண்டு என்று போனில் சொன்னதும் நானும் அவரும் மேற்கொண்டு யோசிக்கவே இல்லை. நிஷின் நம்ம ஊர்ச் சாளைக்குச் சொந்தக்கார மீன். தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு வேறென்ன காரணம் வேண்டும்!

பிப்ரவரி 10, சனி

சப்போரோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். ஜெனிபாகோவைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டியே கடல் வருகிறது.

கிட்டங்கிக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது கூரையைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்கக் கல் கட்டடம். உள்ளே போனால் பாரத்தைத் தாங்குவதெல்லாம் மரச்சட்டம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்கல்லை அறுத்து, இரும்புக் கொக்கி போட்டு மரத்தோடு பிணைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊரில் அடிக்கடி தீப்பிடிக்கும், சரக்கைக் காப்பாற்ற இந்தக் கல். கடைக்காரர்கள் அந்த உத்தரங்களுக்குச் சாயம்கூடப் பூசவில்லை. சுஷி வைத்துத் தரும் ஹினோக்கி மரப் பலகைக்கு மேலே மட்டும் வெளிச்சம், மற்ற இடமெல்லாம் இருட்டு. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

முதலில் ஹிராமே என்ற தட்டை மீன், அப்புறம் ஹொத்தாத்தே என்ற சிப்பி, பெரிய இறால். எல்லாமே நன்றாக இருந்தன. மூன்றும் போன பிறகு நிஷின்.

பிடித்த சோற்றின் மேல் பச்சை மீன் துண்டு, தோலோடு இருந்தது. தோலின் மேல் குறுக்காக, நெருக்கி நெருக்கிக் கத்திக் கீறல். இந்த மீனில் மயிர்போல முள் அதிகம், கீறினால்தான் அது வாயில் தட்டாது. மேலே ஒரு துளி இஞ்சித் துருவல், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். சுஷிக்காரர் சோற்றைக் கொழுக்கட்டை மாதிரி அழுத்திப் பிடிப்பதில்லை. இரண்டு மூன்று திருப்பு, அவ்வளவுதான். கையில் எடுக்கும்போது உதிராது, நாக்கில் பட்டதும் உதிர்கிறது. சோறு உடம்புச் சூட்டில் இருந்தது. மீனின் எண்ணெய் அந்தச் சூட்டில்தான் இளகுகிறது. வைத்த உடனே சாப்பிடச் சொல்வது இதற்காகத்தான். சுஷி என்றதும் எல்லோரும் மீனைத்தான் பேசுகிறார்கள். சோறு தின்று வளர்ந்த நாம் முதலில் சோற்றைப் பார்க்க வேண்டும் என்பேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, காலையில் கால்வாய் ஓரம் நடந்தோம். 1923இல் முடித்த கால்வாய். கப்பலிலிருந்து படகில் இறக்கிய சரக்கு நேராகக் கிட்டங்கி வாசலுக்கே வரும். பிறகு துறைமுகத்தில் கப்பலே கரையணையத் தளம் வந்ததும் இதற்கு வேலையில்லாமல் போனது. முழுவதையும் மூடிச் சாலை போடப் பார்த்தார்கள். 1973இலிருந்து ஊர்க்காரர்கள் போராடிப் பாதி அகலத்தைக் காப்பாற்றினார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்திருந்தால் நேற்றைய சாப்பாடு ஏது?

இந்த ஊரின் பணத்தில் பெரும்பங்கு நிஷின் கொடுத்தது. 1897இல் ஹொக்கைதோவில் மட்டும் 9 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். அதில் பெரும்பகுதியை யாரும் சாப்பிடவில்லை. வேகவைத்து, எண்ணெய் பிழிந்து, சக்கையைக் காயவைத்து, பருத்திக்கும் அவுரிக்கும் உரமாகத் தெற்கே கப்பலேற்றினார்கள். 1950களின் நடுவில் மீன் வருவதே நின்றுபோனது. மலைமலையாக அள்ளி உரமாக்கிய மீன், இன்று ஒற்றைத் துண்டாகப் பலகைக்கு வருகிறது. அந்தத் துண்டுக்குக் காட்டும் மரியாதையை அன்றைக்கே காட்டியிருக்கலாம் என்று மனம் ஆறவே இல்லை.

இப்போது குஞ்சு விடுகிறார்கள், சிறிய மீன் தப்பிக்கப் பெரிய கண்ணி வலை போடுகிறார்கள். சில ஆண்டுகளாக, குளிர்காலக் கடைசியில் முட்டையிட வரும் கூட்டத்தால் ஒதாருக் கரையோரக் கடல் பால்போல வெளுக்கிறது. காலையில் எட்டி எட்டிப் பார்த்தேன், இன்று அது இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

அம்மாவோடு போன். “பச்சையாவா சாப்பிட்ட? வயித்துக்கு ஒண்ணும் செய்யலையே?” பயம் நியாயமானதுதான். நிஷினில் அனிசாக்கிஸ் என்ற புழு இருக்கலாம். உப்புக்கும் வினிகருக்கும் அது சாகாது; மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் சாகும். சுஷிக்காரர் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததைச் சொன்னேன். “சாளையை யாராவது அப்படிப் பார்த்து வாங்கியிருக்கோமா” என்றாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அண்ணனும் மதினியும் ஜூலையில் வருகிறார்கள். மதினி சைவம். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டும் மாக்கியில் வெள்ளரிக்காய், உமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புக் காய்), நாட்டோ (புளிக்கவைத்த சோயா) வைத்தவை சரிவரும். முட்டைச் சுஷியும் சுரைக்காய் வற்றலும் கூடாது. இரண்டிலும் பெரும்பாலும் தாஷி என்ற மீன் சாறு சேர்ப்பார்கள். கடைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்கு ஷகோதான் கடலோரத்து உனி, அதாவது கடல் முள்ளெலி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதன் காலம். நாளைக்கே போன் போட்டு இடம் கேட்கிறேன்.