மலைப்பாதையில் பழைய காரும் புதிய காரும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் நகரத்தை விட்டுக் கிளம்பி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் இந்தச் சாலை, ஒரு காரின் ரேடியேட்டர், எரிபொருள் ஓட்டம், கிளட்ச், பிரேக் என எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் சோதித்துவிடுகிறது. அடிவாரத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?" என்ற கேள்வி எப்படியாவது வந்து நிற்கும். அந்தக் கேள்வியில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன: கார் எத்தனை முறை பழுதாகிறது என்பது ஒன்று; பழுதான பின் அதை யாரால் சரிசெய்ய முடிகிறது என்பது மற்றொன்று.

முதல் விஷயத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. பழைய கார்கள் அடிக்கடி நின்றன. என் தந்தை ஓட்டிய 1,489 சி.சி. பெட்ரோல் அம்பாசடர், கோடைக் காலத்தில் மலை ஏறும்போது பாதி வழியில் கொதிக்காமல் போனால் அது நல்ல நாள். டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் கிளம்பவே மாட்டோம். என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைப்படும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதால், கீழே சமவெளிக்கு ஏற்ப வைத்த கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொடுக்கத் தொடங்கும். ஏற்காட்டு ஏரியை எட்டும்போது புகை கறுத்து, இழுவை குறைந்திருக்கும். இறங்கும்போது நான்கு சக்கரங்களிலும் இருந்த டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிமானம் இழப்பதை நினைத்தால் இன்றும் அச்சமாக இருக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரை எட்டுவதற்கு முன்பே என்ஜினைப் பிரித்து, ரிங் மாற்றி, வால்வு தேய்த்து, சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி (போர் போட்டு) ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்துவதை அன்று யாரும் குறையாகவே கருதவில்லை.

இரண்டாவது விஷயம் வேறு. அந்த அம்பாசடரில் இருந்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றைக் கண்ணால் பார்த்தும், காதால் கேட்டும், கையால் தொட்டும் கண்டுபிடிக்க முடிந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே பாயிண்ட் என்ற மின்தொடர்பு முனை கருகியிருப்பது தெரியும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைச் சரியாக வைத்தால் வண்டி கிளம்பிவிடும். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தால் கழற்றி ஊதினால் போதும். செவ்வாய்ப்பேட்டையிலோ ஐந்து ரோட்டிலோ ஒரு பட்டறைக்குப் போனால், அங்கே கிடைக்காத பாகத்தைப் பக்கத்து லேத்தில் கடைந்து வாங்கிவிடலாம். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் வளர்ந்த ஊர்கள் என்பதால், இந்த வட்டாரத்தில் லேத், வெல்டிங், பம்ப் வேலை தெரிந்த கைகளுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. 1950களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கி 2014 வரை அம்பாசடரின் அடிப்படை வடிவம் பெரிதாக மாறாமல் வந்ததும் ஒரு காரணம். தந்தை கற்ற வேலை மகனுக்கும் அப்படியே பயன்பட்டது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்கும் கார் என்று எண்ணுகிறேன். 796 சி.சி., மூன்று சிலிண்டர், பழுது குறைவு, பழுதானால் தெருமுனை மெக்கானிக்கே போதும். உமிழ்வு விதிகள் இறுகிய 2000 வாக்கில் அதுவும் கார்புரேட்டரை விட்டு கணினிக் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறியது.

அந்த மாற்றத்தை இழப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை சென்சார் அளந்து சொல்ல, ஈ.சி.யு. என்ற என்ஜின் கணினி ஒவ்வொரு நொடியும் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது. அதனால்தான் இன்றைய சாதாரண கார்கூட ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு இருபதாவது வளைவை முனகலின்றிக் கடக்கிறது. ஏற்காட்டுக்கு வாரந்தோறும் போய்வரும் எவரும், பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும் கார்கள் எவ்வளவு குறைந்துவிட்டன என்பதைப் பார்த்திருப்பார்கள். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் பிரேக் அழுத்தும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது, மழையில் நனைந்த மலைச்சாலையில் இறங்கும் குடும்பத்துக்கு அதன் மதிப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

புதிய கார் பழுதாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மின்னணுவியல் வந்ததால் பழுதுபார்ப்பு கெட்டது என்பது பொதுக்கருத்து. என் கருத்து அதற்கு நேர் எதிரானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. எனும், கோளாறு கண்டறிவதற்கான 16 முனை இணைப்பில் ஒரு சிறிய ஸ்கேனரைச் செருகினால், எந்த சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதைக் காரே சொல்கிறது. பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டர். காது வைத்துக் கேட்டும், ஒவ்வொரு பிளக் ஒயராக உருவிப் பார்த்தும் கண்டுபிடித்த காலத்தைவிட இது நிச்சயமாக எளிது. கோளாறைக் கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டது. அதைச் சரிசெய்யும் அனுமதிதான் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

என் தம்பியின் டீசல் கார் இதற்குச் சான்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 உமிழ்வு விதிகள் வந்தபின், டீசல் கார்களின் புகைக்குழாய் வழியில் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வழக்கமாகிவிட்டது. பிடித்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி அளவு வெப்பத்தில் எரித்துவிட வேண்டும். அந்த வெப்பம் வரக் கார் சற்று நேரம் தொடர்ந்து ஓடியாக வேண்டும். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து லீ பஜாருக்கும் திரும்பவும் மட்டுமே ஓடிய வண்டியில் அது நடக்கவில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தது, வேகம் கட்டுப்பட்டது. நிறுவனத்தின் சர்வீஸ் மையம் வடிகட்டியை முழுவதுமாக மாற்றச் சொல்லி, பழைய கார் ஒன்றே வாங்கக்கூடிய தொகையை மதிப்பீடாகத் தந்தது. எங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழகிய மெக்கானிக்கிடம் கேட்டபோது, "மாத்தவே வேண்டியதில்லைங்க சார், நிறுத்தி வெச்சே கரியை எரிக்கச் சொல்லி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாப் போதும்ங்க. ஆனா இந்த மாடலுக்கு அந்த இடத்துக்குள்ள என் ஸ்கேனரை விடமாட்டேங்குதுங்க" என்றார். பின்னர் கோயம்புத்தூரில் விலை உயர்ந்த கருவி வைத்திருந்த ஒருவர் அதே கட்டளையைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. அந்த வடிகட்டிதான் இன்றும் ஓடுகிறது.

எங்கள் மெக்கானிக்குக் கோளாறும் தெரியும், தீர்வும் தெரியும், கதவுதான் திறக்கவில்லை. இன்றைய டீசல் என்ஜினில் எரிபொருளைப் பீய்ச்சும் காமன்ரெயில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன்மேல் பொறித்த குறியீட்டை ஈ.சி.யு.வில் பதிய வேண்டும். தொலைந்த சாவிக்குப் பதில் புதிய சாவி செய்தால் அதையும் பதிய வேண்டும். பதிவுக்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் நுண்ணளவில் வேறுபடும் என்பதால் அந்தக் குறியீடு என்ஜினுக்குத் தேவைதான். ஆனால் அதைப் பதியும் மென்பொருளை நியாயமான கட்டணத்துக்குக்கூட வெளிப் பட்டறைக்குத் தராமல் இருக்க என்ன காரணம் இருக்கிறது? பல்பு மாற்றினால் தீர்ந்த முகப்பு விளக்கு, இன்று பல கார்களில் முழுத் தொகுப்பாகத்தான் விற்கப்படுகிறது என்பதும் இதே போக்குத்தான்.

நம் நாட்டில் இதைப் பற்றிய தெளிவான தீர்ப்பு ஒன்று ஏற்கெனவே வந்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், அசல் உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் சட்டப் போராட்டத்தில் இறங்கின. 2022இல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. வாகனங்களும் அதில் அடங்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமோ 2012இலேயே இதைச் சட்டமாக்கி, 2020இல் கம்பியில்லா முறையில் கார்கள் அனுப்பும் தரவுகளுக்கும் அதை விரிவாக்க வாக்களித்தது. சேலத்துப் பட்டறைகளுக்கு வேண்டியதும் அதுதான்: எந்தப் பட்டறையும் பணம் கட்டி வாங்கக்கூடிய கையேடு, மென்பொருள், பாகம்.

அதுவரை கார் வாங்குவோர் என்ன செய்யலாம்? நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அண்மையில் இதைக் கேட்டார். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின், மேனுவல் கியர், இந்த மாவட்டத்தில் நிறைய ஓடும் மாடல் என்று பார்த்து வாங்கச் சொன்னேன். நிறைய ஓடும் வண்டிக்குத்தான் வெளிச்சந்தை ஸ்கேனர்களும் முதலில் வழி கண்டுபிடிக்கின்றன, உதிரி பாகமும் சேலத்திலேயே கிடைக்கிறது. தினமும் நகருக்குள் மட்டும் ஓடப்போகிறதென்றால் டீசல் வேண்டாம். வாரம் ஒருமுறையாவது தர்மபுரி, கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையில் ஓடுமென்றால் டீசலையும் யோசிக்கலாம். தோட்டத்துக்குள் ஓடும் பழைய பெட்ரோல் ஜீப்பை விற்றுவிடவா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன், பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதால், அதன் பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுமாறு மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்த வேலையை ஏற்காட்டிலேயே செய்து முடித்துவிடலாம்.