கறுப்பை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதாதா?

"கறுப்பா இருக்கறத மட்டும் பொறுக்கி எடுத்துட்டா மத்தது பொழைக்காதா தம்பி?" என்று கேட்டார் ஆயா. தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தேன் பெட்டிகள், இந்தப் பக்கம் எங்கள் முதலாளியுடையவை.

ஆயாவின் பெட்டியிலிருந்து அடைச் சட்டத்தைத் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே அறையில் மூன்று நான்கு முட்டைகள். மஞ்சள் பட்டைத் தேனீக்களுக்கு நடுவே பளபளவென்று கறுப்பாகச் சில, வேலைவெட்டி இல்லாமல் அடைமேல் உலாத்திக்கொண்டிருந்தன. கேப் தேனீ, தென்னாப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சேர்ந்த இனம். மற்ற இனங்களில் வேலைக்காரத் தேனீ முட்டையிட்டால் பெரும்பாலும் ஆண்தான் பிறக்கும். இதுவோ இணை சேராமலே பெண்ணைப் பெறும், அதுவும் கிட்டத்தட்ட தன் நகலாகவே. ராணியின் வாசனையையும் விடுவதால் வீட்டுக்காரத் தேனீக்களே இதற்கு ஊட்டி வளர்க்கும். உழைக்கிற கூட்டம் தேய்ந்து பெட்டி காலியானதும், மிச்சமிருக்கிற கறுப்பு அடுத்த பெட்டியைத் தேடிப் போகும்.

1990-இல் தெற்கிலிருந்து பெட்டிகளை வடக்கே ஏற்றிப் போனதில் தொடங்கிய வினை இது. இப்படிப் பெட்டிகளைக் காலி செய்யும் கூட்டம் முழுவதும் ஒரே ஒரு வேலைக்காரத் தேனீயின் வம்சம் என்கிறது மரபணு ஆய்வு. அதனால்தான் அரசாங்கம் வரைபடத்தில் கோடு போட்டு, அதைத் தாண்டிக் கேப் தேனீயைக் கொண்டுபோகக் கூடாது என்று வைத்திருக்கிறது.

கோடு என்றதும் ஆயா சிரித்துவிட்டார். நிறம் பார்த்து ஊரைப் பிரித்த நிறவெறி ஆட்சியில், சின்னப் பிள்ளையாக டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர். "நெறம் பாத்துப் பொறுக்கச் சொல்றேன் பாரு, நானே!"

பொறுக்க முடியாது, மூடிய அறைக்குள் இருக்கும் புழுவிலும் அதன் பிள்ளைகள் இருக்கும் என்றேன்.

"ராணி உயிரோட இருக்கா?"

"இருக்கு ஆயா. ஆனா பிரயோஜனமில்ல."

அந்த ராணியை என் கண்ணால் பார்த்திருந்தேன். வயிற்றை அறைக்குள் இறக்கி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை என்று சொல்ல என்னால் எப்படி முடிந்தது?

சொன்னதில் தப்பில்லை. விட்டிருந்தால் பெட்டி எப்படியும் செத்திருக்கும், பக்கத்துப் பெட்டிகளையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். விதியும் அழிக்கத்தான் சொல்கிறது. பொழுது சாய்ந்து எல்லாம் அடைந்த பிறகு வாசலை அடைத்தோம். ஆயாவே தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் பெட்டிகள் இல்லாமல் இருந்திருந்தால் அத்தனை அவசரப்பட்டிருப்பேனா? அதைவிட ஒன்று உறுத்துகிறது. ஆயாவின் பெட்டிகள் பலா மரத்தடியை விட்டு நகர்ந்ததே இல்லை. பூவைத் தேடி லாரியில் ஊர் ஊராகப் போய் வருவது எங்களுடையவைதான். எங்கிருந்து எங்கே தொற்றியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அது உண்மை. அந்த உண்மை எனக்குத்தான் வசதியாக இருக்கிறது, ஆயாவுக்கு அல்ல.

நம் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு ஏற்றலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "பூ விட்டாச்சு, லாரி நிக்குது, அப்புறம் பாக்கலாம்" என்றார். சரி என்று ஏற்றினேன். நான் ஏற்றாவிட்டால் வேறு யாராவது ஏற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதையே ஆயாவிடம் சொல்லச் சொன்னால் வாய் வராது.